பேட்டரி நன்றாக இருக்கிறது, காரில் கரண்ட் இல்லை

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை. ஹார்ன் இல்லை, ரிமோட்டுக்குப் பதில் இல்லை, சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட வரவில்லை. பர்மாவில், ரங்கூனை ஒட்டிய சிரியத்தில் (இன்றைய தன்லின்) மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா, சரக்கு ஏற்றுவதற்காக வாங்கிய பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ் இந்த நிலையில் கடை வாசலில் நின்றது. நான் போவதற்குள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார். இன்னொருவர் தன் காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் வராததால், இன்ஜின் கம்ப்யூட்டர் அடிபட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா பேட்டரிக்குப் பணம் எடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் என்னிடம் கேட்டார்.

கோளாறு இரண்டிலும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டவை ஒரு மல்டிமீட்டரும் ஒரு பிரேக் லைட் பல்பும்தான். ரங்கூன் பக்கம் இதே மாதிரி நிற்கிற கார்களுக்கு வீணாகப் பேட்டரி மாற்றுவதை நிறையப் பார்க்கிறேன். அதனால் பார்த்த முறையை முழுதாக எழுதி வைக்கிறேன்.

இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. 1970இலேயே சாலையில் வலது பக்கம் ஓட்டும் முறைக்கு நாடு மாறிவிட்டது, ஆனால் ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கும் ஜப்பான் கார்கள்தான் இன்றும் தெருவில் அதிகம். 2011இல் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இறக்குமதி அனுமதி வாங்கும் திட்டம் வந்த பிறகு அவை வரிசையாகக் கப்பலில் வந்து இறங்கின. பிறகு வலது ஸ்டியரிங் வண்டிகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் இருப்பதைத்தான் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். டாக்ஸியாக, சரக்கு வண்டியாக, குடும்ப வண்டியாக என்று ஒரே ப்ரோபாக்ஸ் பல கை மாறியிருக்கும். ஒவ்வொரு கையும் ஒயரிங்கில் எதையாவது வெட்டி, எதையாவது ஒட்டியிருக்கும். பழைய வண்டியில் கரண்ட் பிரச்சினை என்றால் நான் முதலில் தேடுவது கம்பெனி போட்ட பாகத்தை அல்ல, பிறகு யாரோ சுற்றிய கறுப்பு டேப்பைத்தான்.

பானெட்டைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. செல்ஃப் எடுக்காத கார் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்து, சாவியைத் திருப்பினால் மட்டும் சத்தம் இல்லை என்றால் ஸ்டார்ட்டர், அதன் ரிலே, கியர் பி-யில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச் என்று அந்தப் பக்கம் போகலாம். விளக்கு மங்கி, 'டக டக' என்று அடித்துக்கொண்டால் பேட்டரி இறங்கியிருக்கலாம். ஆனால் எதுவுமே இல்லை என்றால் தேட வேண்டிய இடம் மிகவும் சின்னது. உள்விளக்கு, ஹார்ன், ஹசார்டு மூன்றும் சாவியைக் கேட்பதில்லை, இன்ஜின் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் போனால், மூன்றுக்கும் பொதுவான பாதை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாதையில் பேட்டரி, அதன் முனைகளைக் கவ்வும் இரண்டு கிளாம்புகள், பாசிட்டிவ் பக்கப் பெரிய ஃபியூஸ், நெகட்டிவ் முனையைக் காரின் பாடியோடு சேர்க்கும் எர்த் கேபிள் தவிர வேறு எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் என்று சொன்னவர் இந்த ஒன்றை யோசித்திருந்தால் அந்த வார்த்தையே வந்திருக்காது.

அப்புறம் வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும்.

"மாமா, இதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லையே மாப்பிள்ளை. நல்லாத்தான் ஓடிச்சு."

"கடிகாரம்?"

"ஆமா, அது அப்பப்ப மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும். ஜப்பான் நேரமோ என்னமோன்னு விட்டுட்டேன்."

இன்னும் கேட்டதில் மற்றதும் வந்தது. தன்லின் பாலத்தில் இணைப்புத் தகடுகள் மேல் வண்டி குதிக்கும்போது ஹெட்லைட் ஒரு நொடி மங்கி வருமாம். கடைசியாக ஸ்டார்ட் செய்தபோது ஒரே ஒரு 'டிக்', அதோடு எல்லாம் அணைந்துவிட்டதாம். கடிகாரம் திரும்பத் திரும்ப ஆரம்ப நிலைக்குப் போவது என்பது, நிரந்தரமாக வர வேண்டிய கரண்ட் நடுவில் அறுந்து அறுந்து வருகிறது என்பதற்கு நல்ல சாட்சி. பேட்டரி மெல்ல இறங்கினால் கடிகாரம் இப்படிச் செய்யாது. கடைசி 'டிக்' அதைவிட முக்கியம். சின்னக் கரண்டுக்குத் தாங்கிய ஒரு இணைப்பு, ஸ்டார்ட்டர் கேட்கும் பெரிய கரண்டில் முழுதாக விட்டுப் போனால் அப்படித்தான் ஆகும்.

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு மீட்டரை எடுத்தேன். பேட்டரியின் இரண்டு ஈய முனைகளில் வைத்தால் 12.4 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். 12.4 என்பது முக்கால் பங்கு. வண்டியை எழுப்ப இது போதும்.

ஆனால் இந்த 12.4-ஐ அப்படியே நம்பக் கூடாது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை சுமார் 10 மெகா ஓம். அது கேட்கும் கரண்ட் ஒரு கொசுவுக்கும் பத்தாது. நடுவில் 1000 ஓம் தடை உள்ள துருப்பிடித்த இணைப்பு இருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதே இணைப்பில் ஸ்டார்ட்டருக்குத் தேவையான நூறு, நூற்றைம்பது ஆம்பியர் போகவே போகாது. சும்மா இருக்கும் வயரில் வோல்ட் பார்ப்பது பாதி வேலை. ஏதாவது ஒன்றை எரியவிட்டு, கரண்ட் ஓடும்போது பார்ப்பதுதான் முழு வேலை.

அதற்குத்தான் பல்ப். பழைய பிரேக் லைட் பல்ப், 21 வாட். ஹோல்டரோடு இரண்டு நீள வயர், முனையில் முதலைக் கிளிப். இது எரிய ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும், அதனால் பொய் சொல்லாது. பேட்டரியின் இரு முனைகளிலும் நேராகக் கொடுத்தேன், பளிச்சென்று எரிந்தது. எரியும்போது மீட்டர் வைத்தால் 12.3. பேட்டரி உள்ளே அறுந்திருந்தால் இந்த இடத்தில் வோல்ட் சட்டென்று விழுந்திருக்கும். பிறகு ஈய முனைக்குப் பதில் கிளாம்பைப் பிடித்து எரியவிட்டேன், அதே வெளிச்சம். அப்படியானால் முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே தகராறு இல்லை. பல வண்டிகளில் கோளாறு இங்கேயே மாட்டிக்கொள்ளும். கிளாம்ப் இறுக்கமாகத் தெரியும், உள்ளே வெள்ளைப் படலம் இருக்கும்.

அடுத்து பாசிட்டிவ் பக்கம். பல டொயோட்டாக்களில் பெரிய ஃபியூஸ்கள் பாசிட்டிவ் கிளாம்பிலேயோ அதை அடுத்த கறுப்புப் பெட்டியிலேயோ இருக்கும். சாதாரண ஃபியூஸ் மாதிரி பிடுங்கி எடுக்க முடியாது, போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஜம்பர் கேபிளைத் தலைகீழாகக் கொடுத்தால் முதலில் போவது இதுதான். பல்பின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்துவிட்டு, மறு முனையால் ஃபியூஸின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எரிந்தது. பாசிட்டிவ் பக்கம் சரி.

மிச்சம் எர்த்.

பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸில், மறு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். எரியவில்லை. பாடியில் ஒரு போல்ட், அங்கும் எரியவில்லை. மீட்டரை பேட்டரி மைனஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே வைத்தேன். அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 12.3. பேட்டரியின் மைனஸும் காரின் பாடியும் ஒரே உலோகம் மாதிரி இருக்க வேண்டியவை, இரண்டுக்கும் நடுவே முழு பேட்டரியும் நிற்கிறது. அதாவது உள்விளக்கு, ஃபியூஸ், ரிலே எல்லாம் பாசிட்டிவ் பக்கத்தில் கரண்டோடு தயாராக இருக்கின்றன, திரும்பிப் போகும் வழி மட்டும் அறுந்துவிட்டது. திறக்காத குழாயில் அழுத்தம் நிற்பது போல அந்த 12 வோல்ட் பாடியில் வந்து நின்றுகொண்டிருந்தது.

இதை மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. அவரை உள்ளே உட்கார்ந்து உள்விளக்கு சுவிட்சை 'ஆன்' பக்கம் தள்ளச் சொன்னேன். ப்ரோபாக்ஸின் ஓட்டுநர் இருக்கை இங்கே நடைபாதைப் பக்கம் வருவதால் வண்டி தெருவில் நிற்கும்போதும் நிம்மதியாக உட்காரலாம். என் பல்பை பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கொடுத்தேன். "எரியுது, எரியுது!" என்று உள்ளிருந்து சத்தம். என் கையில் இருந்த பல்ப் எரியவில்லை, உள்விளக்கு எரிந்தது. 21 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது தடை ஒரு ஓம்கூட இருக்காது. அதனால் உள்விளக்கின் சின்னக் கரண்ட் அதன் வழியாகவே திரும்பிப் போயிற்று. அறுந்த கேபிளுக்குப் பதிலாக என் பல்ப் நின்றது. எர்த் கேபிள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

ஜம்பர் கேபிளில் வராதது ஏன் என்பதும் இப்போது புரிந்துவிடும். வந்தவர் கறுப்பு கிளிப்பை நேராக பேட்டரி மைனஸ் கிளாம்பில் மாட்டியிருந்தார். அறுந்த இடம் அதற்கு அப்பால் இருக்கும்போது எத்தனை பேட்டரியை அங்கே மாட்டினாலும் பயன் இல்லை. சிவப்பு பிளஸில், கறுப்பு கடைசியாக நின்று போன காரின் இன்ஜின் பிளாக்கில், பேட்டரியிலிருந்து தள்ளி. இதுதான் முறை. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசியாகத் தொடும் கிளிப்பில் பொறி பறக்கும், அது பேட்டரிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த முறைப்படி கொடுத்திருந்தால் கார் அப்போதே உயிர் பெற்றிருக்கும், கோளாறு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்திருக்கும்.

எர்த் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மைனஸ் கிளாம்பை விட்டு நான்கு விரல் தள்ளி டேப் சுற்று, கெட்டியாக, நேர்த்தியாக. பார்த்தால் சந்தேகமே வராது. பிரித்தபோது உள்ளே இருந்தது பச்சைத் தூள். செம்பு இழைகள் உப்பாகி உதிர்ந்து, நடுவில் இரண்டு மூன்று இழை மட்டும் கறுத்து நீட்டிக்கொண்டிருந்தன. மெல்ல இழுத்ததும் கேபிள் தனியாக வந்துவிட்டது.

ஏன் அங்கே இணைப்பு? பேட்டரி மேல் ஒட்டியிருந்த எண்ணில் பதில் இருந்தது. ஜப்பான் முறையில் 46பி24எல் என்றால் 46 திறன் வரிசை, பி அகல உயர வகுப்பு, 24 நீளம் சென்டிமீட்டரில், எல் என்பது பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பது. கடைசியில் ஒரு எஸ் சேர்ந்திருந்தால் தடித்த முனை, இல்லாவிட்டால் மெல்லிய முனை. இந்த வண்டியில் இருந்தது எஸ் சேர்ந்தது. முன்னால் வைத்திருந்த யாரோ தடித்த முனை பேட்டரி வாங்கியிருக்கிறார்கள், பழைய மெல்லிய கிளாம்ப் ஏறவில்லை, வெட்டிவிட்டுப் புதுக் கிளாம்பை ஒரு துண்டு வயரோடு முறுக்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பிறகு ஆசிட் ஈரமும் மழை ஈரமும் இழைகளுக்குள் ஊறி ஏறிவிட்டன. மே முதல் அக்டோபர் வரை இங்கே பெய்கிற மழையில் திறந்த செம்பு வேறு எப்படி இருக்கும்? பேட்டரி வாங்கும்போது அந்த ஒரு எழுத்தைப் பார்த்திருந்தால் இந்த வெட்டே நடந்திருக்காது.

ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முழுக் கேபிளையும் மாற்றினோம். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு. வெல்டிங் கேபிள் விற்கும் கடையில் தாராளமாகக் கிடைக்கும், இழை மெல்லியதாக இருப்பதால் நன்றாக வளையும். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, அதை விட்டுவிடுங்கள். கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக்கை அந்தக் கடையிலேயே ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தித் தரச் சொல்லலாம். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் சில மாதத்தில் தளரும். ஈயம் உருக்கி ஊற்றுவதும் வேண்டாம், ஈயம் ஏறிய இடம் விறைத்து, இன்ஜின் அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும்.

இந்த கேபிள் பேட்டரியிலிருந்து முதலில் பாடிக்கும் அங்கிருந்து கியர்பாக்ஸுக்கும் போகிறது. இரண்டு இடத்திலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிய வைத்தேன். பேட்டரித் தட்டில் படிந்திருந்த ஆசிட் உப்பை ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவினேன். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ், இதை எப்போதும் மாற்றக் கூடாது. எல்லாம் இறுக்கிய பிறகு மேலே மெல்லிசாக வாஸ்லின்.

மாட்டியதும் உள்விளக்கு வந்தது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு முழுக்க விளக்கு, கூடவே ஜப்பான் மொழியில் ஒரு பெண் குரல், சுங்கச்சாவடி கார்டு செருகவில்லை என்று. ஜப்பானில் மாட்டிய இடிசி கருவி இன்னும் விசுவாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைப் பையன்கள் கை தட்டினார்கள். இரண்டு சுற்றில் இன்ஜின் பிடித்துவிட்டது. கரண்ட் முழுதாக அறுந்திருந்ததால் ஐட்லிங் முதலில் கொஞ்சம் ஏறி இறங்கியது, ஓட ஓடச் சரியாயிற்று.

ஸ்டார்ட் ஆனதோடு முடித்துவிடக் கூடாது. மாமாவை இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போதே மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 0.12 வோல்ட். 0.2-க்குள் இருந்தால் எர்த் நல்லது. பேட்டரி 10.8 வரை இறங்கித் திரும்பியது, 9.6-க்கு மேல் நிற்கிறதே, பேட்டரியும் நல்லது. இன்ஜின் ஓடும்போது 14.2, ஆல்டர்னேட்டரும் வேலை செய்கிறது. புதுப் பேட்டரிக்கு எடுத்து வைத்த பணத்தை மாமா திரும்பக் கல்லாவில் போட்டார்.

பேட்டரி முக்கால் பங்கில் இருந்தது மட்டும் உறுத்தியது. முந்தைய நாள்வரை ஓடிய வண்டி அவ்வளவு இறங்கியிருக்கக் கூடாது. மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி நடுவில் போட்டேன். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், அதனால் சாவியை மாமாவின் சட்டைப் பைக்குள் போடச் சொன்னேன். கதவு மூடி, எல்லாம் தூங்கப் போகட்டும் என்று அரை மணி நேரம் விட்டும் 0.32 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 0.05-க்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.7 ஆம்பியர்-மணி போகிறது. இந்த அளவு பேட்டரி சுமார் 36 தாங்கும், ஆக நாலைந்து நாள் நின்றால் காலி. ஃபியூஸ்களைப் பிடுங்காமலேயே ஒவ்வொன்றின் தலையிலும் மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டு போனதில் 'டோம்' (உள்விளக்கு) என்று எழுதிய ஃபியூஸில் மாட்டியது. யாரோ போட்ட டிவிடி பிளேயரின் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து எப்போதும் கரண்ட் வரும் வயரில் முறுக்கப்பட்டிருந்தன. சிவப்பை, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயருக்கு மாற்றியதும் 0.02.

பேட்டரியை முழுதாக ஏற்றும் வேலை இரவுக்குத் தள்ளிப் போயிற்று. மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, தெருவில் "மீ லா பீ" (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்துவிட்டது') என்று கத்தல் கேட்ட பிறகு சார்ஜரைப் போட்டோம்.

பாசிட்டிவ் பக்கம் இன்னும் ஒரு வேலை பாக்கி. அதே மெல்லிய கிளாம்பை வாய் பிளந்து தடித்த முனையில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போதைக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். அடுத்த முறை பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு இதே வண்டியில் போவதாக மாமா சொல்லியிருக்கிறார், அதற்குள் முடித்துவிடுவதாகப் பேச்சு. கிளாம்ப் வாங்கப் போகிறவர்கள் முனையின் தடிமனோடு ஃபியூஸ் பெட்டியின் போல்ட் துளை 6 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்பதையும் அளந்துகொண்டு போங்கள்.